ஒட்டு: பிறர் எழுத்தைத் திருத்துவதன் வரலாறு

கிழிந்த துணியின்மேல் வைத்துத் தைக்கும் துண்டுக்குத் தமிழில் ஒட்டு என்று பெயர். மென்பொருளில் செய்யும் திருத்தத்துக்கு ஆங்கிலம் சூட்டிய பேட்ச் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். கணிப்பொறி உலகில் இச்சொல் தொடக்கத்தில் உருவகமாக வழங்கவில்லை, நேர்ப்பொருளிலேயே வழங்கியது. 1944ஆம் ஆண்டின் ஹார்வர்டு மார்க் 1 பொறி துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடினர். அவ்வாறு ஒட்டுப்போட்ட நாடாக்களின் ஒளிப்படங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. பின்னர் மென்பொருள் நிறுவனங்கள் திருத்தங்களைக் காகித நாடாவாகவோ துளையட்டைகளாகவோ வாடிக்கையாளருக்கு அனுப்பின. பெற்றவர் தம்மிடமிருந்த நாடாவில் குறிப்பிட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டை அவ்விடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் திருத்தம் ஒரு திசையில் மட்டுமே பயணம் செய்தது. எழுதியவர் திருத்தினார், பயன்படுத்தியவர் ஒட்டிக்கொண்டார். பயன்படுத்துபவர் தாமே பிழையைக் கண்டு, தாமே திருத்தி, அதை எழுதியவருக்கு அனுப்பலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. இத்திசை எவ்வாறு தலைகீழானது என்பது கட்டற்ற மென்பொருள் வரலாற்றின் மையக் கேள்விகளுள் ஒன்று. ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும், உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்திலும் இன்று இயங்குவது லினக்ஸ் கருநிரல். அக்கருநிரல் முன்பின் அறியாதவர்கள் மின்மடலில் அனுப்பிய திருத்தங்களால் வளர்ந்தது. ஆகவே, முகம் தெரியாத ஒருவர் பிறர் எழுத்தைத் திருத்த வரும்போது அவரை எப்படி நம்புவது என்ற கேள்வி, நிரலாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக இன்று இல்லை.

திருத்தத்தை அனுப்ப வேண்டுமாயின் முதலில் திருத்தத்தை எழுதிக்காட்ட ஒரு மொழி வேண்டும். அம்மொழியைத் தந்தது டிஃப் என்னும் சிறு நிரல். பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய அது 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழிமுறையை விளக்கி ஜேம்ஸ் ஹண்ட்டும் மெக்கில்ராயும் 1976இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினர். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, இரண்டிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்து, அத்தொடரில் அடங்காதவற்றை வேறுபாடுகள் எனக் காட்டுவதே அதன் பணி. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் வேலையை ஒத்தது இது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பதிப்பாசிரியர் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவார். டிஃப் வரிக்கு வரி ஒப்பிடும். ஒரு வரியில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வரி முழுதும் மாறியதாகவே அது கருதும். செய்யுளுக்கு அடி போல நிரலுக்கு வரியே அலகு என்ற முடிவு அன்று எடுக்கப்பட்டது. இன்றுவரை அது பெரும்பாலும் மாறவில்லை.

டிஃப் தந்த வேறுபாட்டுப் பட்டியலுக்கு ஒரு குறை இருந்தது. இத்தனையாவது வரியை நீக்கு, இத்தனையாவது வரிக்குப் பின் இதைச் சேர் என்று அது வரியெண்களை நம்பியே பேசியது. பெறுபவரின் படி அனுப்புநரின் படியோடு வரிக்கு வரி ஒத்திருந்தால்தான் திருத்தம் சரியான இடத்தில் அமரும். பெற்றவர் தம் தேவைக்காக மேலே இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தால் கீழே உள்ள எண்கள் அனைத்தும் பிசகிவிடும். யூஸ்நெட் வழியே மூலநிரல்கள் ஊர்விட்டு ஊர் பரவிய 1980களில் ஒரே நிரலின் படிகள் ஆளுக்கொரு விதமாக மாறிக்கிடந்தன. எண்ணை நம்பிய திருத்தம் அந்தச் சூழலுக்குப் பயன்படவில்லை.

1985 மே மாதத்தில் லாரி வால் வெளியிட்ட பேட்ச் என்ற நிரல் இக்குறையைத் தீர்த்தது. லாரி வால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மொழியியல் பயின்றவர். எழுத்துவடிவம் பெறாத ஒரு மொழியைக் கண்டு அதற்கு எழுத்து அமைத்துத் தருவது அவருடைய, அவருடைய மனைவியுடைய இளமைக்காலத் திட்டமாக இருந்தது. உடல்நிலை காரணமாக அது கைகூடவில்லை. பிற்காலத்தில் 1987இல் பெர்ல் என்னும் நிரல்மொழியை உருவாக்கியவராக உலகம் அவரை அறிந்தது. பேட்ச் நிரல் வரியெண்ணை ஒரு குறிப்பாக மட்டுமே கொண்டது. மாறவேண்டிய வரிக்கு முன்னும் பின்னும் உள்ள மாறாத வரிகளைப் பார்த்து இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. எண் பத்து வரி தள்ளியிருந்தாலும் சூழல் பொருந்தினால் திருத்தத்தைச் செய்தது. காலப்போக்கில், சூழல்வரிகள் முழுதும் பொருந்தாவிடினும் ஓரளவு பொருந்தினால் ஏற்கும் நெகிழ்வும் அதற்கு வந்தது. எங்கும் பொருந்தாத பகுதியைத் தனிக்கோப்பில் எடுத்துவைத்துவிட்டு, முடிவை மனிதருக்கு விட்டுவிட்டது. ஒரு சொல்லின் பொருளை அதன் அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டு துணியும் வழக்கம் மொழி கற்றோர் அனைவர்க்கும் பழக்கமானதே.

இதன் விளைவு பெரிது. திருத்துபவரும் திருத்தப்படுபவரும் ஒரே படியை வைத்திருக்கத் தேவையில்லை என்றானது. ஒருவர் தம் ஊரில், தம் படியில் கண்ட பிழையைத் திருத்தி, முழு நிரலையும் அனுப்பாமல், மாறிய சில வரிகளை மட்டும் ஒரு மடலில் இட்டு அனுப்பலாம். மெதுவான தொலைபேசி இணைப்புகளின் காலத்தில் இச்சிக்கனமே ஒரு வரம்.

அடுத்த முன்னேற்றம் சிறியதாகத் தோன்றும். ஆனால் மனிதர்கள் திருத்தத்தைப் படிக்கும் முறையையே அது மாற்றியது. அதுவரை சூழலோடு கூடிய வேறுபாட்டுப் பட்டியல், பழைய பகுதியை முழுதாகத் தந்துவிட்டுப் புதிய பகுதியை மறுபடி முழுதாகத் தரும். 1990 ஆகஸ்டில் வேய்ன் டேவிசன் இரண்டையும் ஒன்றாகப் பின்னும் வடிவத்தை அமைத்தார். நீங்கும் வரிக்கு முன்னே கழித்தல் குறி. சேரும் வரிக்கு முன்னே கூட்டல் குறி. மாறாத வரிக்கு முன்னே வெற்றிடம். ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை விரைவிலேயே குனூ டிஃப்பில் சேர்த்தார். 1991 ஜனவரிப் பதிப்பில் அது வெளிவந்தது. பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிற்பதால் என்ன மாறுகிறது என்பது கண்ணுக்கு உடனே புலப்பட்டது. பொறி நிறைவேற்றும் கட்டளையும் மனிதர் வாசிக்கும் பனுவலும் ஒரே எழுத்தாக ஆயின. ஒட்டு மடல்வழியே வாழ முடிந்ததற்கு இதுவே அடிப்படை. படிப்பவர் அதில் ஐயம் எழும் வரியை மட்டும் மேற்கோளாக விட்டுவைத்து, அதன்கீழே தம் கருத்தை எழுதி மறுமொழி அனுப்பலாம். மூலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அடியிலேயே உரை எழுதும் பழைய மரபு போன்றது இம்முறை. மறுமொழியை மடலின் தலையில் மொத்தமாக எழுதுவது இவ்வுலகில் இன்றும் நாகரிகக் குறைவாகக் கருதப்படுவதன் காரணமும் இதுவே.

ஒட்டுகளால் ஒரு நிறுவனமே பிறந்த கதை 1995இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மீக்கணினிப் பயன்பாட்டு மையம் ஒன்றில் ராப் மக்கூல் எழுதிய வலைச்சேவையக நிரல் அக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டது. 1994இன் நடுவில் அவர் அங்கிருந்து விலகியபின் அந்நிரல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைப் பயன்படுத்திய தள நிருவாகிகள் தத்தம் பிழைகளைத் தாமே திருத்திக்கொண்டிருந்தனர். அத்திருத்தங்களை ஒன்றுசேர்க்க ப்ரையன் பெலன்டார்ஃப் உள்ளிட்ட எண்மர் 1995 பிப்ரவரியில் மடல்வழியே கூடினர். வந்த ஒட்டுகளைப் படித்து, கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என வாக்களித்து ஏற்றனர். ஏப்ரலில் முதல் பொதுவெளியீடு வந்தது. டிசம்பர் 1 அன்று முதலாம் பதிப்பு வந்தது. அதுவே அப்பாச்சி சேவையகம். அப்பெயர் அமெரிக்கப் பழங்குடியினரின் பெயரை மதிப்போடு நினைத்து இட்டது என்று அறக்கட்டளை கூறுகிறது. ஒட்டுப்போட்ட சேவையகம் என்னும் ஆங்கிலச் சிலேடையும் அதில் ஒலிப்பதை எவரும் மறுப்பதில்லை. எழுதியவர் போய்விட்ட பின்னும் எழுத்து சாகத் தேவையில்லை. வாசகர்கள் அதைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

லினக்ஸின் கதை இன்னும் நீண்டது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயக்குதளம் எழுதிவருவதாக யூஸ்நெட்டில் அறிவித்தார். சில வாரங்களில் மூலநிரல் வெளிவந்தது. ஒட்டுகளும் வரத் தொடங்கின. பிற திட்டங்கள் பல பதிப்பு மேலாண்மைக் கருவிகளுக்கு மாறிக்கொண்டிருந்த 1990களில், டோர்வால்ட்ஸ் அவை எதையும் ஏற்கவில்லை. மடலில் வந்த ஒட்டைப் படித்தார். பிடித்திருந்தால் தம் படியில் சேர்த்தார். சேர்த்ததை அவ்வப்போது வெளியிட்டார். பிடிக்காதவற்றுக்குப் பெரும்பாலும் பதிலே வராது. அனுப்பியவர் மீண்டும் அனுப்ப வேண்டும். மறுபடியும் அனுப்ப வேண்டும்.

ஒருவரின் கண்களும் கைகளும் எத்தனை ஒட்டுகளைத் தாங்கும்? 1998 செப்டம்பரில் இக்கேள்வி வெடித்தது. ஒட்டுகள் காணாமற்போகின்றன என்று முன்னணி நிரலாளர்களே மனம் வெதும்பி எழுதினர். டோர்வால்ட்ஸும் கோபித்துக்கொண்டு சிலகாலம் விலகினார். அவர் ஒருவரால் இனி இயலாது என்ற பேச்சு அன்று பரவியது. 2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி, ஒட்டுகளைத் தவறவிடாமல் திரட்டித் தரும் பொறுப்புக்கென்றே ஒருவரை அமர்த்த வேண்டும் என்று முன்மொழிந்தார். டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. தாம் எல்லாரையும் நம்புவதில்லை, தமக்குத் தெரிந்த சிலரை நம்புவதாகவும், அவர்கள் தமக்குத் தெரிந்த வேறு சிலரை நம்புவார்கள் என்றும், வளர்ச்சி அவ்வலையின் வழியேதான் நடக்கும் என்றும் அவருடைய நிலைப்பாடு அமைந்தது. கருநிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவருக்கு மேல் இன்னொருவர். உச்சியில் டோர்வால்ட்ஸ் என்ற இன்றைய அடுக்குமுறை அந்த நிலைப்பாட்டின் மேல் எழுந்தது.

2002 பிப்ரவரியில் அவர் பிட்கீப்பர் என்ற கருவியை ஏற்றார். அது லாரி மெக்வாயின் நிறுவனத்துக்கு உரிமையான மூடிய மென்பொருள். கட்டற்ற மென்பொருளை வளர்ப்போர்க்கு இலவசமாகக் கிடைத்தது. ஆனால் போட்டிக் கருவிகளில் பணியாற்றுவோர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஸ்டால்மன் உள்ளிட்டோர் கடுமையாகக் குறைகூறினர். 2005இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதன் சேவையகத்தோடு பேசும் வழியைத் தாமே கண்டறிய முற்பட்டார். அதில் பெரிய மந்திரம் ஏதும் இல்லை என்று காட்ட, சேவையகத்தோடு இணைந்து உதவி கேட்கும் ஒற்றைச் சொல்லைத் தட்டினாலே அது தன் கட்டளைகளைப் பட்டியலிடுவதை ஒரு மாநாட்டு மேடையிலேயே செய்து காட்டினார். இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 2005 ஏப்ரல் 3 அன்று டோர்வால்ட்ஸ் மாற்றுக் கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று அக்கருவி தன் மூலநிரலைத் தானே பேணத் தொடங்கியது. அதுவே கிட். ஜூன் மாதத்தில் வெளிவந்த கருநிரல் 2.6.12 அதைக்கொண்டு உருவானது. ஜூலையில் கிட்டின் பராமரிப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்குச் சென்றது.

இன்று கிட் என்றாலே வலைத்தளப் பொத்தான்களை நினைப்போர் பலர். ஆனால் கிட்டின் உள்ளமைப்பில் மடலின் தடம் எங்கும் உண்டு. மாற்றத்தை மடலாக வடிவமைக்க ஒரு கட்டளை, அனுப்ப ஒரு கட்டளை, மடற்பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்க்க ஒரு கட்டளை என்று மூன்று அதில் உள்ளன. அவ்வாறு உருவாகும் ஒவ்வொரு மடலின் முதல் வரியிலும் 2001 செப்டம்பர் 17, திங்கள் என்ற நாள் மாறாமல் நிற்கும். அது எந்த நிகழ்வையும் குறிப்பதன்று. இது கிட் ஆக்கிய மடல் என்று பிற நிரல்கள் அடையாளம் காண்பதற்கான முத்திரை. அம்மடலின் நடுவே மூன்று சிறுகோடுகள் கொண்ட ஒரு வரியும் வரும். அதற்கு மேலே எழுதியது கருநிரலின் நிரந்தர வரலாற்றில் பதிவாகும். கீழே எழுதியது, முன்னர் அனுப்பியதிலிருந்து இம்முறை என்ன மாற்றினேன் என்பது போன்ற குறிப்பு, அப்போதைய உரையாடலோடு நின்றுவிடும். எதிர்கால வாசகருக்கு எது, இன்றைய பராமரிப்பாளருக்கு எது என்று எழுதுபவர் முன்கூட்டியே பிரித்து எண்ண வேண்டியிருக்கிறது.

மேலே எழுதும் பகுதிக்கு இலக்கணமும் உண்டு. மாற்றத்தின் விளக்கத்தை ஏவல் வினையில் எழுத வேண்டும் என்று கருநிரலின் ஆவணம் வலியுறுத்துகிறது. 'இந்த ஒட்டு இன்னதைச் சரிசெய்கிறது' என்றோ 'நான் இன்னதைச் சரிசெய்தேன்' என்றோ எழுதலாகாது. 'இன்னதைச் சரிசெய்' என்று மூலநிரலுக்கே ஆணையிடுவது போல எழுத வேண்டும். இதில் மொழியியல் நயம் ஒன்று இருக்கிறது. நான் என்று தொடங்கினால் செயல் எழுதியவருடைய சாதனையாகிறது. ஏவலில் எழுதினால் எழுதியவர் மறைகிறார். செய்யத்தக்கது எது என்பது மட்டும் நிற்கிறது. ஏற்கப்படும்வரை அது ஒரு முன்மொழிவு. ஏற்கப்பட்டபின் அதே சொற்கள், ஓர் எழுத்தும் மாறாமல், நிறைவேறிய ஆணையின் பதிவாகிவிடுகின்றன.

எழுதியவர் வாக்கியத்திலிருந்து மறைந்தாலும் மடலிலிருந்து மறைய முடியாது. 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற நிறுவனம், தனக்கு உரிமையான யூனிக்ஸ் நிரலை ஐபிஎம் லினக்ஸில் சேர்த்துவிட்டது என்று கூறி 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் எச்சங்கள் 2021வரை நீண்டு சமரசத்தில் முடிந்தன. வழக்கின் முடிவைவிட அது எழுப்பிய கேள்வியே பெரிது: இந்த வரி யார் கையால் வந்தது? கருநிரலின் முதல் பத்தாண்டுகளுக்குச் சிதறிய மடல்களைத் தவிர முறையான பதிவேடு இல்லை. 2004 மே மாதத்தில் டோர்வால்ட்ஸ் ஒரு முறையை முன்மொழிந்தார். ஒவ்வொரு ஒட்டின் அடியிலும் சைன்டு-ஆஃப்-பை என்ற சொல்லோடு பெயரும் மடல் முகவரியும் இருக்க வேண்டும். இது நானே எழுதியது, அல்லது தகுந்த உரிமத்தின்கீழ் கிடைத்ததை அடியொற்றியது, அல்லது இவ்வாறே சான்றளித்த ஒருவர் எனக்குத் தந்தது. இப்பதிவு பொதுவில் என்றும் இருக்கும் என்பதை அறிவேன் என்பது அவ்வொரு வரியின் பொருள். ஒட்டு ஒவ்வொரு பராமரிப்பாளர் கையைக் கடக்கும்போதும் அவரும் தம் ஒப்பத்தைக் கீழே சேர்ப்பார். ஆவண எழுத்தரும் சாட்சிகளும் வரிசையாகக் கையொப்பமிட்ட பத்திரம் போல, ஒட்டு வந்த பாதை அதன் அடியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பரிசீலித்தவர், சோதித்தவர், பிழையை முதலில் சொன்னவர் ஆகியோர்க்கும் தனித்தனி வரிகள் உண்டு. நிரலின் ஒரு வரியும் எழுதாமல், பிழையைச் சொன்னதற்காகவே ஒருவர் பெயர் அவ்வரலாற்றில் நிலைத்துவிடலாம்.

இம்முறை எல்லார்க்கும் திறந்த வாசல் என்று சொல்லிவிட முடியாது. பட்டமோ பதவியோ கேட்கப்படுவதில்லை என்பது மெய். ஆனால் வேறு தடைகள் இருந்தன. அலங்கார வடிவில் அமைந்த மடல் திருப்பி அனுப்பப்படும். வெற்று எழுத்தாக மட்டுமே வர வேண்டும். நீண்ட வரியைத் தானே மடக்கும் மடற்செயலி ஒட்டைச் சிதைத்துவிடும். இவற்றைவிடக் கூரியது சொற்களின் கடுமை. பொதுவெளியில், என்றும் அழியாத பதிவில், ஒருவரின் உழைப்பை இழித்துரைக்கும் மறுமொழிகள் பலரை விலகச் செய்தன. 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் தம் பல்லாண்டுக் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அதே வேளையில் கருநிரல் திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றது. அக்டோபரில் 4.19ஆம் பதிப்பை கிரெக் க்ரோ-ஹார்ட்மன் வெளியிட்டார்.

நம்பிக்கையின் எல்லையை இரண்டு நிகழ்வுகள் சோதித்தன. 2020இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருத்தம் போலத் தோன்றிக் கேடு விளைவிக்கும் ஒட்டுகள் பரிசீலனையைத் தாண்டுமா என்று அறிய, கற்பனைப் பெயர்களில் கருநிரலுக்குச் சில ஒட்டுகளை அனுப்பினர். பரிசீலித்தவர்களின் இசைவு பெறப்படவில்லை. 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்திலிருந்து மேலும் ஐயத்துக்குரிய ஒட்டுகள் வரவே, கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அங்கிருந்து வரும் அனைத்தையும் ஏற்க மறுத்தார். ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அங்கிருந்து முன்னர் வந்த நூற்றுக்கணக்கான ஒட்டுகளைப் பலர் மீண்டும் உட்கார்ந்து படித்தனர். பெரும்பாலானவை சரியானவையே என்று தெரிந்தது. ஆனால் படிக்கச் செலவான உழைப்பு திரும்பவில்லை. இவ்வமைப்பில் மிக அரிய பொருள் நிரலன்று, படிப்பவரின் கவனமே என்பதை அது காட்டியது.

இரண்டாம் நிகழ்வு இன்னும் இருண்டது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல் உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதை ஊதியமின்றிப் பெரும்பாலும் ஒருவரே பேணிவந்தார். 2021 இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சிறுசிறு ஒட்டுகளை அனுப்பத் தொடங்கினார். அவை நல்ல ஒட்டுகளே. 2022இல் வேறு சில பெயர்களில் வந்த மடல்கள், ஒட்டுகள் தாமதமாகின்றன, புதிய பராமரிப்பாளர் வேண்டும் என்று நெருக்கின. களைத்திருந்த பராமரிப்பாளர் பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைநிலைக் கணினிக்குள் நுழைய உதவும் கள்ளவாயில் ஒளிந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தைச் சேர்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவி, 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. அந்த நஞ்சு, யாவரும் படித்து விவாதிக்கும் ஒட்டு வடிவில் வரவில்லை. அதன் உடல், சோதனைக்கென்று வைத்த, கண்ணால் படிக்க இயலாத இருமக் கோப்புகளில் கிடந்தது. அதை இயக்கிவிடும் கட்டளை, பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. படிக்கத்தக்க எழுத்து எங்கே முடிந்ததோ அங்கேதான் வஞ்சகம் தொடங்கியது. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்ட வரிகள் வாசிப்பைக் கோருகின்றன. வாசிப்பு ஓரளவேனும் காக்கிறது. ஆனால் வாசிப்பவர் ஒருவரே எஞ்சி, அவரும் களைத்துப்போனால், எந்த வடிவமும் காக்காது. கையொப்ப வரி நிரலின் மூலத்துக்குச் சான்று கூறும். அனுப்பியவரின் நெஞ்சுக்குச் சான்று கூறாது. ஜியா டான் என்பதும் ஒரு பெயர்தான்.

2008இல் கிட்ஹப் வந்தபின் பெரும்பாலான திட்டங்கள் வலைத்தளங்களுக்குக் குடிபெயர்ந்தன. புதியவர்க்கு அங்கே வழி எளிது. மடற்செயலியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்த எளிமையை இகழ்வது நேர்மையன்று. எனினும் உரையாடல் முழுவதும் ஒரு நிறுவனத்தின் உடைமைக்குள் நடக்கிறது. 2018இல் அந்நிறுவனமே 750 கோடி டாலருக்குக் கைமாறியது. மடலோ எவருடைய தளத்திலும் இல்லை. பெற்ற ஒவ்வொருவரிடமும் அதன் படி இருக்கிறது. லினக்ஸ், கிட், போஸ்ட்கிரெஸ் ஆகியவை இன்றும் மடலை விடாமல் இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமன்று. கருநிரலுக்கு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் பேரிடமிருந்து. இத்தனையையும் பகுதி பகுதியாகப் பிரித்து, தத்தம் கருவியில் படித்து, இணைப்பு இல்லாத இடத்திலும் விடையெழுத மடல் இடந்தருகிறது.

காகித நாடாவில் ஒட்டிய துண்டு அதன்கீழே இருந்த தவற்றை மறைத்தது. மடலில் வரும் ஒட்டோ, எது தவறு, ஏன் தவறு, யார் கண்டார், யார் திருத்தினார், யார் படித்து இசைந்தார் என்பவற்றைத் தன்னோடு சுமந்து வருகிறது. லினக்ஸின் ஏதேனும் ஒரு வரியைக் காட்டி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கிட்டிடம் கேட்டால், 2005க்குப் பிற்பட்ட எவ்வரிக்கும் அது ஒரு விளக்கத்தையும் சில பெயர்களையும் தரும். அப்பெயர்களுக்கு உரியவர்களுள் பலர் ஒருவரையொருவர் ஒருபோதும் நேரில் கண்டிராதவர்கள். அவர்களிடையே இருந்தது எழுத்தும், அதைப் பொறுமையாகப் படிக்க ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையும்தான். அந்த ஒருவர் எத்தனை நாள் தனியாகப் படிப்பார் என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் இன்னும் விடை தரவில்லை.